காற்றின் மேல் வைத்த குறி

"தும்பியோட இறக்கையில ஓடுற நரம்பும் தெரியணும், கடிகாரக் கோபுரத்து மேல ஏறி முள்ளைத் துடைச்சிட்டிருந்த ஆளோட சட்டைப் பித்தானும் தெரியணும்னு ஆசைப்பட்டேன். ரெண்டையும் ஒரே க்ளிக்ல பிடிச்சேன். பித்தான்ல நாலு ஓட்டை. ஒண்ணுல நூலே இல்ல. எப்படிப் பிடிச்சேன்னு கேளுங்களேன்! தும்பியையும் பார்க்கல, கோபுரத்தையும் பார்க்கல. நடுவுல இருந்த காத்துக்கு ஃபோகஸ் பண்ணேன்!"

சர்வேயர் சொல்லி முடித்துவிட்டுக் கைதட்டலுக்காகக் காத்திருந்தார். புகைப்படக் கிளப்பின் மொட்டைமாடியில் அன்றைக்குக் கூடியிருந்தவர்களில் ஒருவரும் தட்டவில்லை. பேக்கரிக்காரர் மட்டும் இருமினார். அதுவும் பிஸ்கட் தொண்டையில் சிக்கிக்கொண்டதால்.

வேலையில் இருந்த காலமெல்லாம் அங்குலம் பிசகாமல் நிலத்தை அளந்தவர் சர்வேயர். ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து வாயால் அளக்க ஆரம்பித்தார். அவர் வீட்டுப் பூனை குட்டி போட்டால் கேட்பவர்கள் காதில் அது புலிக்குட்டியாகத்தான் வந்து விழும். வீட்டில் அவர் பேச்சுக்குச் செவிகொடுக்க ஆளில்லை. மகள் கல்யாணமாகித் தூரத்தில் இருந்தாள். மனைவியோ அவர் வாயைத் திறந்ததும் காதில் ஹெட்போனை மாட்டிக்கொள்வார், அதில் பாட்டு ஓடுகிறதா இல்லையா என்பது அந்த அம்மாளுக்கே வெளிச்சம். ஆக, அந்த மனிதருக்கு உலகத்தில் மிச்சமிருந்த காதுகள் எல்லாம் இந்தக் கிளப்பில்தான் இருந்தன.

அந்தக் காதுகளில் இரண்டு செயலாளருடையவை. அவர் சர்வேயருக்குச் சம்பந்தி; அவர் மகனுக்குத்தான் சர்வேயரின் மகளைக் கொடுத்திருந்தது. செயலாளர் என்றால் யாருக்கும் தெரியாது, பூதக்கண்ணாடி என்றால் தெருவுக்கே தெரியும். கள்ளக் கையெழுத்தைக் கண்டுபிடிப்பது அவருடைய உத்தியோகமாக இருந்தது. உத்தியோகம் போய்விட்டது, கண் போகவில்லை. பால்காரர் ஊற்றும் பாலைச் சந்தேகிப்பார். பால் நன்றாக இருந்துவிட்டால், ஏன் நன்றாக இருக்கிறது என்று சந்தேகிப்பார். சவரம் செய்துகொள்ளும்போதுகூடக் கண்ணாடிக்குள் நிற்பவனை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத்தான் கத்தியை எடுப்பார். சந்தேகம் முற்றிவிட்டால் இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணை ஊசித்துளையாகச் சுருக்குவார். அந்தக் கண்ணுக்கு முன்னால் பொய் சொன்னவர்கள் பாதிப் பேர் தாங்களாகவே உண்மையைக் கக்கிவிட்டதாக ஒரு பேச்சு.

இப்போது அந்தக் கண் சுருங்கியிருந்தது. எதிரே மேசையில் சர்வேயரின் படம். ஆண்டுக் கண்காட்சிக்காகக் கொடுத்தது. மொட்டைமாடிக் கைப்பிடிக் கம்பியில் ஒரு தும்பி. அதற்குப் பின்னால், எங்கேயோ தூரத்தில், கடிகாரக் கோபுரம்.

பூதக்கண்ணாடி சட்டைப்பையிலிருந்து லென்ஸை எடுத்துத் தும்பியின் மேல் வைத்தார். இறக்கை நரம்பு ஒவ்வொன்றும் கோடு கிழித்த மாதிரி இருந்தது. லென்ஸைக் கோபுரத்துக்கு நகர்த்தினார். எண்களும் முட்களும் பளிச்சென்று தெரிந்தன. முள்ளுக்குப் பக்கத்தில் கடுகளவு ஒரு புள்ளி.

"இதுதான் அந்த ஆளா?"

"அவரேதான் சம்பந்தி."

"பித்தான் எங்கே?"

"பெருசு பண்ணிப் போட்டா தெரியும்."

"எவ்வளவு பெருசு?"

சர்வேயர் சுற்றுமுற்றும் பார்த்தார். "இந்தக் கட்டடம் அளவுக்குப் போட்டா தெரியும்."

பூதக்கண்ணாடி லென்ஸைத் துடைத்து உள்ளே வைத்தார். கையெழுத்துத் தொழிலில் அவருக்கு ஒரே ஒரு சட்டம்தான் உண்டு. ஒரு எழுத்து பொய் என்றால் மொத்தக் கையெழுத்தும் பொய். பித்தான் பொய், ஆகவே காற்றும் பொய், படமும் பொய்.

சொந்த அனுபவமும் அதற்குச் சாட்சி சொன்னது. தன் வீட்டுப் பால்கனியில் பூத்த பூவை அவர் எத்தனையோ முறை எடுத்திருக்கிறார். பூ தெளிந்தால் பின்னால் கோபுரம் பஞ்சுப்பொதியாகிவிடும். கோபுரம் தெளிந்தால் பூ, எச்சில் தொட்டு அழித்த மாதிரி ஆகிவிடும். கிட்டத்தில் இருப்பதும் தூரத்தில் இருப்பதும் ஒரு படத்துக்குள் ஒற்றுமையாக இருந்ததாகச் சரித்திரமே கிடையாது.

"சம்பந்தி, தப்பா எடுத்துக்காதீங்க" என்று ஆரம்பித்தார். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டிய விஷயத்தை அவர் எப்போதும் அப்படித்தான் ஆரம்பிப்பார். "இது ரெண்டு படம். தும்பி ஒண்ணு, கோபுரம் ஒண்ணு. இருட்டறையில வெச்சு ஒட்டியிருக்கீங்க."

ஒட்டுப்படத்தை ஒரே படம் என்று சொல்லிக் கொடுப்பவர் கிளப்பை விட்டுப் போக வேண்டும், இருட்டறைச் சாவியையும் திருப்பித் தர வேண்டும் என்பது விதி. விதியை எழுதியவர் பூதக்கண்ணாடிதான். சாவி சர்வேயரின் கழுத்தில் ஒரு நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் கை தன்னையறியாமல் அதைப் பிடித்துக்கொண்டது.

"ஐயோ, நான் ஒட்டலைங்க" என்றார். குரல் சின்னதாக வந்தது. "பித்தான் விஷயத்துல வேணும்னா கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். காத்து விஷயம் நிஜம்."

கிளப்பின் தலைவி பல் டாக்டர். வலி என்றால் என்னவென்று அறிந்தவர். "பிடுங்குறதுக்கு முன்னாடி எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துடுவோம்" என்றார். "அடுத்த கூட்டத்துல எல்லார் முன்னாடியும் ஒரு படம் எடுக்கட்டும். வந்தா கண்காட்சிக்குப் போகும். வரலைன்னா சாவி."

"தும்பிக்கு எங்கே போறது?" என்றார் பேக்கரிக்காரர்.

"தும்பி வேண்டாம்" என்றார் பூதக்கண்ணாடி. "அது அவர் பழக்கி வெச்ச ஆளா இருந்தாலும் இருக்கும். முன்னாடி எதை வைக்கிறதுன்னு கடைசி நிமிஷத்துல நான் சொல்றேன்."

அடுத்த கூட்டத்தன்று பூதக்கண்ணாடி வேட்டைக்குப் போகிறவர் மாதிரிக் கிளம்பினார். அவர் வீடு கிளப்புக்கு எதிர்வரிசையில், தெருவைத் தாண்டினால் வந்துவிடும். இருந்தாலும் மதியத்திலிருந்தே தயாரானார். ஃபிலிம் ரோலைத் தானே கடைக்குப் போய் வாங்கியிருந்தார். கடைக்காரரையும் நம்பாமல் அட்டைப்பெட்டியின் அடியிலிருந்து உருவியது.

"எங்க, கழுகு மாதிரி கிளம்பிட்டீங்க?" என்றார் அவர் மனைவி.

"உன் சம்பந்தியோட குட்டு இன்னைக்கு உடையப் போகுது."

"அவர் குட்டு உடையறது இருக்கட்டும். மேல போட்டிருக்கிறதைக் கழட்டிக் குடுத்துட்டுப் போங்க, நாறுது."

மேலே இருந்தது அவருடைய வீட்டுப் பனியன். அது பனியனாகப் பிறந்து வலையாக வாழ்ந்துகொண்டிருந்த ஒரு வஸ்து. தோள்பட்டையில் ஒரு பெரிய கிழிசல் இருந்தது. "இதைத் தைக்கிறதுக்குப் பதிலா நான் புதுசா ஒண்ணு நெய்யலாம்" என்று மனைவி கையை விரித்துவிட்டதால், அவரே கறுப்பு நூலால் குறுக்கும் நெடுக்கும் தைத்திருந்தார். தையல் ஏறக்குறைய ஒரு நண்டு மாதிரி வந்திருந்தது. அந்தப் பனியனை வெளியாள் யாரும் பார்த்ததில்லை. துவைத்தாலும் உள்ளறைக் கொடியில்தான் காய வேண்டும் என்பது அவர் கட்டளை.

"உள்ளே கொடி அறுந்து கிடக்கு, கேட்குதா?" என்று மனைவி சொன்னது அவர் காதில் விழவில்லை. அவர் ரோல் பெட்டியின் ஒட்டு பிரிந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாடியில் எல்லாரும் வந்திருந்தார்கள். வானம் மேகமாக இருந்தது. பூதக்கண்ணாடி ரோலின் உலோகக் கூட்டில் தன் கையெழுத்தைப் போட்டார், வேறு எவராலும் போட முடியாத, பாம்பு படமெடுத்த மாதிரியான கையெழுத்து. கேமராவைத் திறந்து உள்ளே விரல் விட்டுப் பார்த்தார். முக்காலியின் கால்களைத் தட்டிப் பார்த்தார். மூன்று கால்தான் இருக்கிறதா என்றும் எண்ணிப் பார்த்ததாகப் பேக்கரிக்காரர் பின்னாளில் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

"சரி சம்பந்தி, முன்னாடி என்ன வைக்கட்டும்?"

பூதக்கண்ணாடி சட்டென்று மேசையிலிருந்த ஒரு டீ கிளாஸை எடுத்தார். விளிம்பில் சில்லு போன கிளாஸ். கைப்பிடிச் சுவரின் மேல், தெருப் பக்கமாக வைத்தார். "இது."

சர்வேயர் கேமராவை நிறுத்தினார். பையிலிருந்து நாடாவை எடுத்தார். வாயால் அளக்கும்போது மைல் கணக்கில் போகிற மனிதர், நாடாவை எடுத்ததும் வேறு ஆளாகிவிட்டார். கேமராவிலிருந்து கிளாஸுக்கு அளந்தார்: ஒரு முழம். கிளாஸைத் தாண்டி நாடாவை நீட்டினார். இரண்டு முழத்தில் விரலை வைத்தார். விரலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒன்றுமில்லை, வெறும் காற்று.

"இங்கதான் ஃபோகஸ்" என்று சொல்லி லென்ஸ் வளையத்தைத் திருப்பினார்.

"அங்க என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல. அதான் விசேஷம்."

"சாமர்த்தியம்" என்று பூதக்கண்ணாடி பல் டாக்டரிடம் முணுமுணுத்தார். "இல்லாத இடத்தைக் காட்டினா யாரு சரிபார்க்க முடியும்?"

"கேளுங்க சம்பந்தி" என்றார் சர்வேயர். "தூரத்துல இருக்கிற போர்டைப் படிக்கணும்னா என்ன பண்றீங்க? கண்ணைச் சுருக்குறீங்க. நீங்க எப்பவும் சுருக்கித்தான் வெச்சிருக்கீங்க, அது வேற. கேமராவும் அப்படித்தான். உள்ளே துளை பெருசா இருந்தா ஒரே ஒரு இடம்தான் தெளிவு, அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் பஞ்சு. துளையைச் சுருக்கிட்டா அந்தத் தெளிவு ரெண்டு பக்கமும் நீளும். இப்போ கிளாஸ் மேல குறி வெச்சா, நீளுறதுல ஒரு பங்கு கிளாஸுக்கும் நமக்கும் நடுவுல வீணாப்போகும், அந்தப் பக்கம் கோபுரம் வரைக்கும் எட்டாது. கோபுரத்துல குறி வெச்சா, மிச்சம் கோபுரத்துக்குப் பின்னாடி வானத்துல வீணாப்போகும், இந்தப் பக்கம் கிளாஸ் வரைக்கும் எட்டாது. ரெண்டுக்கும் இடையில, சரியான இடத்துல வெச்சா, ரெண்டு கையையும் நீட்டி ரெண்டு பேரையும் பிடிச்சிடலாம்."

"பேச்சு நல்லாத்தான் இருக்கு" என்றார் பூதக்கண்ணாடி. "நான் பார்க்கணும்."

அவர் குனிந்து கேமராவின் கண்ணில் தன் கண்ணை வைத்தார். அடுத்த கணம் அவர் முகம் கல்யாண வீட்டு விளக்கு மாதிரிப் பிரகாசித்தது.

"வாங்க! எல்லாரும் வந்து பாருங்க! கிளாஸ் கலங்கல். கோபுரமா அது? மழையில பஸ் கண்ணாடி வழியா பார்த்த மாதிரி இருக்கு. ஒண்ணு இல்ல, ரெண்டுமே கலங்கல்!"

ஒவ்வொருவராக வந்து பார்த்தார்கள். பேக்கரிக்காரர் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். பல் டாக்டர் நிமிர்ந்து, சர்வேயரைப் பரிதாபமாகப் பார்த்தார். கலங்கல்தான்.

"அது இப்போ கண்ணைத் திறந்து வெச்சிருக்கு, டாக்டரம்மா" என்றார் சர்வேயர். "நாம வெளிச்சமாப் பார்க்கணும்னு துளையைப் பெருசாவே வெச்சிருக்கும். பொத்தானை அமுக்குற அந்த ஒரு நொடிதான் சுருக்கும். அப்போ அது பார்க்கிறதை நாம பார்க்க முடியாது."

"சுருக்கிக் காட்டுறதுக்குத் தனியா ஒரு பொத்தான் இருக்குமே?" என்றார் பூதக்கண்ணாடி.

"இருந்துச்சு. உடைஞ்சுபோச்சு."

"உடைஞ்சுபோச்சு" என்று பூதக்கண்ணாடி திருப்பிச் சொன்னார், ஒரு மிட்டாயை வாயில் போட்டுச் சுவைக்கிற மாதிரி. "நல்ல நேரமாப் பார்த்து உடைஞ்சிருக்கு."

சர்வேயர் துளை எண்ணை இருபத்திரண்டுக்கு, அதாவது இருப்பதிலேயே சின்னத் துளைக்கு, திருப்பினார். பூதக்கண்ணாடியின் கண் அவருடைய பத்து விரல்களையும் விட்டு ஒரு மயிரிழை அசையவில்லை. தெருவில் யானை போயிருந்தாலும் அவர் பார்த்திருக்க மாட்டார். எதிர்வரிசையில் இருந்த தன் வீட்டை அவர் பார்க்கவில்லை என்பதில் அதிசயமென்ன? கேமரா நிதானமாக, கொட்டாவி விடுகிற மாதிரி, ஒருமுறை க்ளிக்கியது.

பிறகு இருட்டறை. ஃபிலிமைக் கூட்டிலிருந்து எடுத்துக் கழுவும் டப்பாவுக்குள் சுற்றும்வரை பொட்டு வெளிச்சம் கூடாது. கதவு மூடியதும் பூதக்கண்ணாடிக்கு ஒரு பெரிய உண்மை உறைத்தது. உலகத்தின் மிகக் கூர்மையான கண்ணை அவர் வைத்திருக்கிறார், ஆனால் இங்கே அது இரண்டு சட்டைப் பித்தானுக்குச் சமம்.

"சம்பந்தி, உங்க மணிக்கட்டைப் பிடிச்சுக்கறேன்."

"தாராளமா. நாடி பார்க்கிறதா இருந்தாலும் பார்த்துக்குங்க."

ஏதோ சரசரத்தது. ஏதோ கீழே விழுந்தது.

"என்ன அது?"

"கத்தரிக்கோல்."

"உருண்ட மாதிரி சத்தம் வந்துச்சே?"

"கத்தரிக்கோல் உருளாது சம்பந்தி."

"அதான் நானும் கேட்கிறேன்."

விளக்கைப் போட்டபோது மேசையில் உலோகக் கூடு காலியாகக் கிடந்தது, அதன் மேல் பாம்புக் கையெழுத்து படமெடுத்து ஆடியது. பூதக்கண்ணாடி கூட்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். தான் கையெழுத்துப் போட்டது ஃபிலிமின் சட்டையின் மேல். சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு ஆள் டப்பாவுக்குள் போய்விட்டான். உள்ளே போனது அதே ஆள்தானா?

ஃபிலிமைக் கழுவி, முடி உலர்த்தும் கருவியால் காயவைத்து, சிவப்பு விளக்கின் கீழே காகிதத்தில் வெளிச்சம் பாய்ச்சி, மருந்துத் தட்டில் போட்டார்கள். தட்டைச் சுற்றி எல்லாரும் குனிந்தார்கள். வெள்ளைக் காகிதத்தில் முதலில் ஒரு கோடு வந்தது. கோபுரத்தின் விளிம்பு. பிறகு வட்டம், எண்கள், இரண்டு முட்கள். பிறகு அதற்கு முன்னால், பெரிதாக, டீ கிளாஸ். விளிம்பின் சில்லு, அடியில் ஒட்டியிருந்த டீத்தூள். இரண்டும் நேற்று தீட்டிய கத்தி மாதிரி.

"வந்துடுச்சு!" என்றார் பல் டாக்டர்.

"வந்தது சரி" என்றார் பூதக்கண்ணாடி. "எப்போ எடுத்தது?"

"என்ன கேள்வி இது? நம்ம கண்ணு முன்னாடி..."

"நம்ம கண்ணு முன்னாடி நடந்தது மாடியில. இருட்டுல நடந்ததை யாரு பார்த்தா? அவசரத்துல நான் எடுத்த கிளாஸ் எப்பவும் இங்கயே கிடக்கிற கிளாஸ். முன்னாடியே ஒட்டி எடுத்து வெச்ச ஃபிலிமை உள்ளே மாத்தியிருக்கலாம்."

"கடிகாரத்துல மணி பாருங்க, நாம எடுத்த நேரம்" என்றார் பேக்கரிக்காரர்.

"அந்த மணி தினமும்தான் வருது."

"மேகம்?"

"மேகம் என்ன நேத்துப் பொறந்ததா?"

பல் டாக்டர் சர்வேயரைப் பார்த்தார். சர்வேயர் ஏதாவது சொல்வார், மேகத்தின் பெயரையும் குலத்தையும் சொல்வார் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவரோ கழுத்து நூலைத் தலைவழியாகக் கழற்றினார். மூக்குக்கண்ணாடியில் சிக்கிக்கொண்ட நூலை மெதுவாக எடுத்து, சாவியைச் சம்பந்தியின் உள்ளங்கையில் வைத்தார்.

அந்த மனிதர் பேசாமல் இருந்து பூதக்கண்ணாடி பார்த்ததே இல்லை. பொய்க் கையெழுத்துக்காரர்கள் பிடிபட்டதும் கத்துவார்கள், சத்தியம் செய்வார்கள், காலில் விழுவார்கள். இப்படிச் சும்மா நின்றவன் ஒருவனும் இல்லை. அது அவருக்குப் பிடிக்கவில்லை. சந்தேகமாக இருந்தது.

"இது என்னங்க நடுவுல?" என்றார் பல் டாக்டர். காகிதத்தை மருந்திலிருந்து எடுத்து அலசி, விளக்கடியில் சாய்த்துப் பிடித்திருந்தார். "கிளாஸுக்கும் கோபுரத்துக்கும் நடுவுல, எதிர்ப் பால்கனியில. மீன் வலையா? எத்தனை சொத்தை! இவ்வளவு ஓட்டையோட ஒரு வாயை நான் பார்த்ததே இல்ல."

"தெளிவுன்னா முழுக்கத்தான் தெளிவு" என்றார் சர்வேயர் தாழ்ந்த குரலில். "முன்னாடி, பின்னாடி மட்டும் இல்ல. நடுவுல வர்றதையும் விடாது."

பூதக்கண்ணாடி லென்ஸை எடுத்து நடுவில் வைத்தார்.

அவர் வீட்டுப் பால்கனி. அவர் வீட்டுப் பூந்தொட்டி. கைப்பிடிக் கம்பியில் இரண்டு கிளிப் போட்டு, கொடி பறக்கிற மாதிரி, பனியன். தோள்பட்டையில் கறுப்பு நண்டு, கால் காலாகத் தெரிந்தது. உள்ளறைக் கொடி அறுந்துவிட்டதாக ஒரு குரல், மிகவும் தாமதமாக, இப்போதுதான் அவர் காதுக்குள் வந்து சேர்ந்தது. மதியம்வரை அந்தப் பனியன் அவர் உடம்பில் இருந்தது. அதற்கு முன்னால் அது வெயிலைப் பார்த்ததே கிடையாது. இதை முன்கூட்டி எடுத்து வைக்க ஆண்டவனாலும் ஆகாது.

உலகத்தில் இதைச் சொல்லக்கூடிய சாட்சி அவர் ஒருவர்தான். மேல்மாடிக்காரருடையது என்று சொல்லிவிட்டால் கதை முடிந்தது. மேல்மாடிக்காரர் நல்ல மனிதர், கோபித்துக்கொள்ள மாட்டார். சாவி உள்ளங்கையில் சுட்டது. கண் மறுபடி லென்ஸுக்குப் போனது. அந்த நண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு குத்தும் அவர் குத்தியது, ஒவ்வொரு முடிச்சும் அவர் போட்டது. வாழ்நாள் முழுக்க ஆயிரம் பேரிடம் "இது உங்க கையெழுத்தா இல்லையா?" என்று கேட்டவரிடம் இப்போது ஒரு பனியன் கேட்டது.

"டாக்டரம்மா" என்றார். லென்ஸைக் கீழே வைத்தார். "அது வலை இல்ல. பனியன்."

"யாருது?"

"என்னுது."

சிவப்பு விளக்கில் எல்லார் முகமும் சிவப்பாகத்தான் இருந்தது. அதனால் அவர் முகத்தை யாராலும் தனியாகக் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த விளக்கு செய்த ஒரே புண்ணியம் அது. பேக்கரிக்காரர் மூச்சை உள்ளே இழுத்து, வாயைப் பொத்திக்கொண்டு, கதவுப் பக்கம் திரும்பி நின்று குலுங்கினார்.

"இன்னைக்கு மத்தியானம் வரைக்கும் என் உடம்புல இருந்துச்சு. இன்னைக்குத்தான் முதல் தடவையா வெளியே வந்திருக்கு. அந்தத் தையல் நான் தைச்சது. எங்க பார்த்தாலும் சொல்லுவேன்."

அவர் நூலை விரித்து, சாவியைச் சர்வேயரின் கழுத்தில் தானே மாட்டிவிட்டார். சர்வேயரின் முகத்தில் பழைய களை மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது.

"சம்பந்தி" என்றார் அவர் காதோரமாக, "வெளியில சொல்லும்போது ஓட்டைக் கணக்கைக் கொஞ்சம் குறைச்சுச் சொல்லட்டுமா?"

"கூட்டியே சொல்லுங்க. அப்போதான் யாரும் நம்ப மாட்டாங்க."

பல் டாக்டர் ஈரப் படத்தைக் கயிற்றில் மாட்டிவிட்டுத் திரும்பினார். "அப்போ செயலாளர் என்ன சொல்றீங்க? கண்காட்சிக்கு வர்றவங்க கேட்பாங்களே, இப்படி ஒரு படம் நிஜமா எடுத்ததான்னு."

பூதக்கண்ணாடி இடது கண்ணைத் திறந்தார். இரண்டு கண்ணாலும் ஒருமுறை படத்தைப் பார்த்தார், கிளாஸிலிருந்து பனியன் வரை, பனியனிலிருந்து கோபுரம் வரை.

"என்கிட்ட அனுப்புங்க" என்றார். "நான் பக்கத்துலதான் நின்னேன். காத்துக்குத்தான் ஃபோகஸ் பண்ணாரு. நடந்துச்சு."